தங்கச்சி பள்ளிக்கூடத்துக்கு நான் போட்ட மார்க்

நொச்சிக்காட்டுப்பாளையம்,
புதன்கிழமை மாலை.

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை மோகன்குமார் அவர்களுக்கு,

உங்கள் மச்சான் செங்கோடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி ராசாத்தாளும் எருமைகள் இரண்டும் சுகம். உடுமலைப்பேட்டையில் உங்கள் சுகத்தையும் கொப்பரை விலையின் சுகத்தையும் அறிய ஆவலாக இருக்கிறோம். மண்டிச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று ராசாத்தாள் கேட்கச் சொன்னாள்.

கையில் போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தேங்காய் எண்ணுவீர்கள், மண்டியே உட்கார்ந்து கேட்கும். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், போன பொங்கலுக்கு உங்களுக்கு மட்டும் என்று நான் எழுதியது சொந்தக்காரர் எல்லாரும் இருக்கும் ஒறம்பறை குரூப்பில் போய் விழுந்து, பெரியம்மா ஊட்டுச் சனம் இன்றுவரை எங்களோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை. அதுவும் போக, இது உங்கள் சம்சாரத்தைப் பற்றிய புகார். சம்சாரம் என்றால் என் தங்கச்சி கனகம்தான், பயப்பட வேண்டாம்.

மாப்பிள்ளை, நான் இந்த ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் முப்பத்தோரு வருசமாக வாத்தியார், அதில் பன்னிரண்டு வருசம் தலைமையாசிரியர். கனகம் நாலு கிலோமீட்டர் தள்ளி வேலாங்காட்டுப்புதூர் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியையாக வந்து ஆறே வருசம். அவள் வரும்போது அங்கே இருபத்திரண்டு பிள்ளைகள், இன்றைக்கு நூற்றுப் பன்னிரண்டு. நான் பொறுப்பேற்கும்போது இங்கே நாற்பது பிள்ளைகள், இன்றைக்கு ஒன்பது. பத்துக்குக் கீழே போன பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்க்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு உலாவுகிறது. எங்களுக்குப் பக்கத்துப் பள்ளி எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான் ரிட்டையர் ஆக இன்னும் ஒன்றரை வருசம் இருக்கிறது. அந்த ஒன்றரை வருசமும் நான் என் சின்னத் தங்கச்சியின் மேசைக்கு எதிரே நின்று லீவு லெட்டர் நீட்ட வேண்டும், அவள் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, காரணம் சரியாக இல்லை என்று திருப்பிக் கொடுப்பாள். அவளைத் தெரிந்தவர் நீங்கள், கொடுப்பாளா மாட்டாளா என்று நீங்களே சொல்லுங்கள்.

எண்ணிக்கை குறைந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். எங்கள் பள்ளிச் சுவருக்குப் பின்னாலேயே மில் லைன் வீடுகள் இருக்கிறதல்லவா, அங்கிருந்து நாலு பிள்ளைகள் தினமும் ஷேக் பரீத்தின் ஷேர் ஆட்டோவில் கனகத்தின் பள்ளிக்குப் போகின்றன. ஆட்டோவுக்கு எங்கே நிற்கின்றன என்று நினைக்கிறீர்கள்? என் கேட்டுக்கு முன்னால், என் பள்ளிக்கூடத்து வேப்பமர நிழலில் நின்றுகொண்டு அவள் பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோ ஏறுகின்றன. போகும்போது எனக்கு வணக்கம் வேறு சொல்கின்றன. அதில் பெரியவள் லோகப்பிரியா, நாலாம் வகுப்பு. அவள் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நிலைமையில்தான் அவிநாசியில் ஓர் அறக்கட்டளைக்காரர்கள் சிறந்த தொடக்கப் பள்ளிக்குக் கேடயம் தருவதாகவும் ஒரு வகுப்பறையைப் புதுப்பித்துத் தருவதாகவும் அறிவித்தார்கள். கேட்டில் 'பரிசு பெற்ற பள்ளி' என்று ஒரு போர்டும் மாட்டுவார்களாம். அந்தப் போர்டு என் கேட்டில் தொங்கினால் அந்த நாலு பிள்ளைகளும் எந்த முகத்தோடு அதற்குக் கீழே நின்று ஆட்டோ ஏறும் என்று கணக்குப் போட்டேன். யார் மார்க் போடுவது என்றால், தலைமையாசிரியர்களே ஒருவர் பள்ளிக்கு ஒருவர் போட வேண்டும், சொந்தக்காரர் பள்ளி விழுந்தால் எழுந்து சொல்லிவிட வேண்டும். செயலாளர் பாலகோபால் ஒரு பிஸ்கட் டப்பாவைக் குலுக்கிச் சீட்டு எடுத்தார். என் பள்ளிக்கு ஜோடி வேலாங்காட்டுப்புதூர். கனகம் நியாயஸ்தி அல்லவா, உடனே எழுந்துவிட்டாள். நான் இருமினேன். அவள் என்னைப் பார்த்தாள். இன்னொரு தடவை, காசநோய்க்காரன் மாதிரி இருமினேன். உட்கார்ந்துவிட்டாள். நான் நா. செங்கோடன், அவள் உங்கள் இனிஷியலில் மோ. கனகம், ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் என்னதான் இருக்கிறது என்று என் கண்ணால் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் வாய்ப்பை நான் எப்படி விடுவேன்?

உண்மையைச் சொன்னால், போய்ப் பார்ப்பதற்கு முன்பே, நேற்றுச் செவ்வாய்க்கிழமை, வீட்டில் உட்கார்ந்து ஒரு படிவத்தை நிரப்பிவிட்டேன். பத்துத் தலைப்பு, தலைப்புக்குப் பத்து மார்க், பக்கத்தில் காரணம். மொத்தம் நாற்பத்தொன்று போட்டேன். நேரில் பார்த்துவிட்டால் மனசு இளகிவிடக்கூடாது என்ற முன்னெச்சரிக்கைதான், வேறொன்றுமில்லை.

இன்று காலை எட்டு மணிக்கெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். காலை உணவு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பொங்கல் குழைந்து களியாக இருக்கும் என்று நம்பிக்கையோடு ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டேன். உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொரு கரண்டி. மூன்றாவது கரண்டிக்குத் தட்டை நீட்டியபோது ஹுமேரா டீச்சர், "சார், பிள்ளைங்களுக்குப் போதாம போயிருமுங்க" என்று மெதுவாகச் சொன்னார். ராசாத்தாள் பொங்கலில் இப்படி மிளகு வாசம் வருவதில்லை, இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு கழிப்பறைக்குப் போனேன். எந்தப் பள்ளிக்கூடமானாலும் அங்கேதான் மானம் போகும் என்பது என் அனுபவம். தண்ணீர் வருகிறது, பினாயில் வாசம் அடிக்கிறது, வாளிக்குப் பக்கத்தில் சோப்பு, அது கரைந்தும் இருக்கிறது, அதாவது கண்காட்சிக்கு வைத்ததில்லை. சரி, தாழ்ப்பாளாவது கெட்டிருக்கும் என்று உள்ளே நின்று போட்டுப் பார்த்தேன். நன்றாக விழுந்தது, திரும்ப வரவில்லை. பத்து நிமிசம் போராடினேன். வெளியே வரிசை சேர்ந்துவிட்டது. கடைசியில் ஒன்றாம் வகுப்புப் பொடிசு ஒன்று கதவுக்கு வெளியே நின்று, "பதறாதீங்க தாத்தா, தூக்கிப் புடிச்சு இழுங்க, வந்துரும்" என்று பாடம் நடத்தி என்னை வெளியே எடுத்தது. குறை ஒன்று கிடைத்த சந்தோசத்தைக்கூட அனுபவிக்க முடியாமல் போய்விட்டது.

இனி வாசிப்புத் திறன். பாடப் புத்தகத்தைக் கொடுத்தால் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பித்துவிடும், நானே அப்படிப் பழக்கியவன்தான். ஆகவே யாரும் பார்த்திராத தாள் வேண்டும் என்று எங்கள் தோட்டத்து மோட்டார் விசயமாக மின்வாரியத்திலிருந்து வந்த கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். படித்த பெரியவர்களே தடுமாறும் தமிழ் அது. நாலாம் வகுப்பில் போய் லோகப்பிரியாவை எழுப்பி, தாளை எடுத்துக் கொடுத்து, "சத்தமாப் படி கண்ணு" என்றேன். கனகமும் ஹுமேரா டீச்சரும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்தப் பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு கணீர் என்று ஆரம்பித்தது: "வேலாங்காட்டுப்புதூர் பள்ளி மதிப்பீட்டுப் படிவம். கழிப்பறை, இரண்டு. காரணம், சகிக்க முடியாத நாற்றம்."

கொடுத்தது மின்வாரியக் கடிதம் இல்லை மாப்பிள்ளை. போதும் என்று கையைக் காட்டினேன். பிள்ளை நிறுத்தவில்லை. "வாசிப்பு, நான்கு. காரணம், மாணவர்கள் எழுத்துக்கூட்டித் தடுமாறியே படிக்கின்றனர்." இதை ஒரு இடத்திலும் தடுமாறாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திப் படித்தது. "கணக்கு, நான்கு. காரணம், எளிய கூட்டலும் வரவில்லை." பத்தையும் படித்து முடித்துவிட்டு, கண்ணை மேலே உருட்டி, விரலை மடக்கி, என்னமோ முணுமுணுத்தது.

"ஏனுங் சார், இதுல கூட்டல் தப்புங்க. நாப்பத்தி மூணு வருதுங்க. நீங்க நாப்பத்தி ஒண்ணுன்னு போட்டுட்டீங்க."

கனகம் வந்து தாளை வாங்கி, நிதானமாக மடித்து, என் சட்டைப் பையிலேயே வைத்தாள். "பரவால்லைங்கண்ணா, ரெண்டு மார்க் எச்சாத்தான் கெடச்சிருக்குது. மோர் குடிக்கறீங்களா?" என்றாள். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாக ஊடு வந்து சேர்ந்திருப்பேன். மோரைக் குடித்துவிட்டு வந்தேன். அதிலும் குறை இல்லை.

மறைப்பானேன் மாப்பிள்ளை, பொறாமைதான். அந்தத் தாளைப் படித்துக்காட்டியது என் பிள்ளைகளில் ஒன்றாக இருந்தால் 'கழிப்பறை' என்ற சொல்லைத் தாண்டுவதற்குள் மணி அடித்திருக்கும். நல்ல வேளை என்று நான் தப்பித்திருப்பேன், அந்த எண்ணம் வந்தபோது மனசு பொக்கென்று போய்விட்டது.

ஆகவே உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. சனிக்கிழமை ஊருக்கு வரும்போது நல்ல முகமாகப் பார்த்து அவளிடம் பேசி, அந்த நாலு பிள்ளைகளையும் இங்கே தாட்டிவிடச் சொல்லுங்கள். அவளுக்கு நூற்றுப் பன்னிரண்டில் நாலு போனால் தெரியவா போகிறது? எனக்கு ஒன்பதும் நாலும் சேர்ந்தால் என் நாற்காலி தப்பும். இன்னொரு படிவம் காலியாகக் கையில் இருக்கிறது. பிள்ளைகள் வந்தால் மார்க்கை மறுபரிசீலனை செய்ய ஆட்சேபனை இல்லை என்றும், வராவிட்டால் நாற்பத்து மூன்றுதான் என்றும் தெரியப்படுத்தவும். நாளைக்கு அவள் என் பள்ளிக்கு மார்க் போட வருகிறாள், அதற்குள் அவளுக்கு ஒரு போன் போட்டு, அண்ணன் பாவம் என்று சும்மா பழமை பேசுகிற மாதிரி நீங்களாகவே சொன்னால் இன்னும் உத்தமம்.

அவிநாசியப்பர் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் கொப்பரைக்கு நல்ல விலையையும் தரட்டும். மண்டியில் எல்லாருக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சான்,
நா. செங்கோடன்,
தலைமையாசிரியர் (இன்றுவரை).

பின்குறிப்பு (திங்கட்கிழமை): மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். தபாலில் போட மறந்து சட்டைப் பையிலேயே கிடந்தது, அந்தப் பையில் இருந்து எது எப்போது வெளியே வரும் என்று எனக்கே தெரிவதில்லை.

வியாழக்கிழமை கனகம் வந்தாள். வகுப்பறைத் தரையில் உள்ள குழி தெரியாமல் இருக்கப் பெரிய பவானி ஜமக்காளம் ஒன்றை விரித்து, அதன் மேல் நாற்காலி போட்டிருந்தேன். நாற்காலியின் பின்கால் நேராகக் குழியில் இறங்கியது. ஒன்பதில் இரண்டு பிள்ளைகள் கெடா விருந்துக்குப் போயிருந்தன. மிச்சம் ஏழையும் அவள் பக்கத்தில் உட்கார வைத்துப் படிக்கச் சொன்னாள், வருகைப் பதிவேட்டை ரொம்ப நேரம் புரட்டினாள், என் கண் முன்னாலேயே மார்க் போட்டாள். நாற்பத்து மூன்று. நான் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் எழுதியிருந்த காரணமும் உண்மை.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். படிவத்தை விரித்து வைத்து, பதிலுக்கு நாற்பத்து மூன்று போடத்தான் உட்கார்ந்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் பேனா நின்றது, அந்தப் பிள்ளை மறுபடி எங்காவது இதைச் சத்தமாகப் படித்துவிடுமோ என்ற பயம்தான். தொண்ணூற்றெட்டு போட்டு அனுப்பினேன். குறைத்த இரண்டும் தாழ்ப்பாளுக்கு.

இன்று காலை கேட்டைத் திறந்தால் வேப்ப மரத்தடியில் அந்த நாலு பிள்ளைகளும் நின்றன. ஷேக் பரீத்தின் ஆட்டோ வந்தது, நிற்காமல் போய்விட்டது. லோகப்பிரியாவின் அம்மா முதல் ஷிப்டுக்கு ஓடுகிற அவசரத்தில் ஒரு சீட்டைக் கையில் திணித்துவிட்டுப் போனாள். கனகம் எழுதியிருந்தாள்: "அண்ணா, இவங்க ஊட்டுக்கும் உங்க கேட்டுக்கும் நூறடிதான். இத்தனை நாள் ஆசைப்பட்டு நானே வெச்சுக்கிட்டேன், தப்புத்தான். இனிமே உங்களை யாரும் எங்கயும் சேர்க்க மாட்டாங்க. ஆனா பிள்ளைங்க படிப்பு கெட்டா நான் சும்மா இருக்க மாட்டேன். சனிக்கிழமை வந்து பார்ப்பேன்." நீங்கள் அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது, கடிதம் என் பையில் அல்லவா இருந்தது. நான் கேட்காமலே செய்திருக்கிறாள். இது எனக்குத் தோன்றவில்லையே என்பதிலும் எனக்குப் பொறாமை.

லோகப்பிரியா உள்ளே வந்ததும் புத்தகப் பையைக்கூட இறக்கி வைக்காமல் கரும்பலகையையே பார்த்தாள். மூலையில் தேதி, பதிவு, வருகை என்று எழுதி வைத்திருப்போம் அல்லவா.

"சார், இது ஸ்கூல் தொறந்த அன்னிக்குத் தேதிங்க. அஞ்சு மாசமாச்சுங்க."

என் ஒன்பது பிள்ளைகளும் அந்த மூலையை இன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தன. நானும்தான். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, தேதியை அழித்து இன்றைய தேதி போட்டாள். பதிவு என்ற இடத்தில் நான் போட்டிருந்த ஒன்பதை அழித்துவிட்டுப் பதின்மூன்று என்று எழுதினாள். என் எழுத்தைவிட நன்றாக இருந்தது. வயிறு எரிந்தது மாப்பிள்ளை. ஆனாலும் நான் அழிக்கவில்லை.