டிக்கி மாமாவும் ஒரு சுரண்டலும்

சங்கீதத்தை டிக்கியில் வைத்துப் பூட்டிய ஒரே மனிதர் இந்தப் பூலோகத்திலேயே எங்கள் டிக்கி மாமாதான். அவருடைய நிஜப் பெயர் சத்தியமாக எனக்குத் தெரியாது. மயிலாப்பூரில் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. தபால்காரரே அப்படித்தான் கூப்பிடுவார்.

எழுபதுகளில் காரில் ரேடியோ இருந்தாலே தெரு திரும்பிப் பார்க்கும். மாமாவோ சிங்கப்பூரிலிருந்து வந்த டேப் செட்டைத் தன் பழைய அம்பாஸிடரில் மாட்டி, டிக்கியில் ஆம்ப்ளிஃபயரும் இட்லிக் கொப்பரை அகலத்தில் ஒரு ஸ்பீக்கரும் வைத்திருந்தார்.

"தவில் காதுலயா கேக்கணும்? அடிவயித்துல இடிக்கணும்டா!" என்பார்.

இடிக்கத்தான் இல்லை. மெதுவாக வைத்தால் சமர்த்தாகப் பாடும். சத்தத்தைக் கூட்டினால் 'டும்' என்று ஒரே அடி, அப்புறம் மூச்சு பேச்சு இருக்காது.

ராயப்பேட்டை கார் எலக்ட்ரீஷியன் முதல் நாளே சொல்லிவிட்டார். "எர்த்து புடிக்கல சார். பெயின்ட்டு மேலயே ஒயர முறுக்கி வெச்சுகீற. சவுண்டு ஏத்துனா கரன்ட்டு பத்தாம கட்டாயிடுது. அந்த எடத்த கொஞ்சம் சொரண்டிட்டு தகரத்துல முறுக்கு, சரியா பூடும்."

"சுரண்டறதாவது! உன் கன்னத்தைச் சுரண்டினா சும்மா இருப்பியா?"

"டிக்கி உள்ளாற இன்னா சார்? எவன் பாக்கப் போறான்?"

"நான் பார்ப்பேனே!"

அந்தக் காருக்கு மேலே காக்கா பறந்தாலே குடையோடு ஓடுகிற மனிதர் அவர். ஆகவே, பெயின்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றினார். பேட்டரி, ஃப்யூஸ், ஒயர், ஸ்பீக்கர். கடல் காற்றுதான் காரணம் என்று நங்கநல்லூர் வரை ஓட்டிப்போய்ப் பார்த்தார். அங்கேயும் டும். பக்கத்து வீட்டில் குடியிருந்த பாவத்துக்கு நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் டிக்கிக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

"கேக்கறதாடா?"

"கேக்கறது மாமா."

"இப்போ?"

"இப்போ கேக்கலை."

"காதை நன்னா குடைஞ்சுண்டு கேளு!"

இந்த லட்சணத்தில் அவருடைய ஒரே பெண் வசந்தாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. முகூர்த்தத்துக்குத்தான் நாதஸ்வரம், ஜானவாச மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு என் கார் வாசிக்கும் என்று மாமா பிரகடனம் செய்துவிட்டார். தாயில்லாத பெண். அழாத குறையாகக் கெஞ்சினாள்.

"அப்பா, நடுத்தெருவுல நின்னுடுத்துன்னா ஆயுசுக்கும் அவாத்துல என்னைத்தான் சொல்லிக் காட்டுவா."

"நிக்காதுடி. புது ஒயர் போட்டிருக்கேன்!"

ஜானவாசத்தன்று கோட்டு சூட்டோடு மாப்பிள்ளை திறந்த காரில் உட்கார்ந்திருக்க, முன்னால் மாமாவின் அம்பாஸிடர் ஊர்ந்தது. கூட நான் நடந்தேன், தலையெழுத்து. பஸ் ஹாரனில் தவில் அமுங்கிப் போயிற்று. கல்யாண மண்டபம் நெருங்கும்போது மாப்பிள்ளையின் பெரியப்பா, "என்ன ஓய், ஒண்ணுமே காதுல விழலையே!" என்றார். மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. திருகினார்.

டும்.

"ஜானவாசமா ஓய் இது? மௌன ஊர்வலமா?" பெரியப்பாவின் குரல்தான் இப்போது நாலு வீடு தாண்டிக் கேட்டது. சிரிப்பு பரவியது. மாமா அண்ணாந்து பார்த்தார். மண்டபத்து மாடி ஜன்னலில் வசந்தா நின்றிருந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

மாமா காரை நிறுத்தினார். இறங்கினார், டிக்கியைத் திறந்தார், அடியிலிருந்து திருப்புளியை எடுத்தார். ஒயரைக் கழற்றிவிட்டு, கரகரவென்று சுரண்ட ஆரம்பித்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் போய்த் தகரம் பளபளத்ததும் ஒயரை அதில் வைத்து முறுக்கினார்.

"இப்போ வைடா!"

முன் ஸீட்டுக்கு ஓடிப்போய் வைத்தேன். அடேயப்பா! மரத்துக் காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. பெரியப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மாடியில் வசந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. மாமா மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன மாமா?"

"பெயின்ட் தூள்டா, வேறென்ன?"

வசந்தா டில்லிக்குப் போன பிறகும் மாமா காரைத் தினம் துடைத்தார். அந்த இடத்துக்கு மட்டும் பெயின்ட் அடிக்கவில்லை. துரு ஏறுகிறதே என்று ஒருநாள் கேட்டேன்.

"இருந்துட்டுப் போறது. அவ சிரிச்ச இடம்டா அது."

இன்றைக்கும் தெருவில் எந்தக் காரிலாவது அலறுகிற பாட்டு சட்டென்று நின்றால் எல்லோரும் 'அப்பாடா' என்கிறார்கள். நான் மட்டும் டிக்கி திறக்கிற சத்தம் கேட்கிறதா என்று ஜன்னலுக்குப் போய் நிற்கிறேன்.