கம்முனு மெக்கானிக் கேட்ட சத்தம்

ஊரில் எல்லோரும் அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஓடாத கார் எல்லாம் ஓடிவிடும் என்று நம்பிய ஒரே மனிதர் கடலூர் முதுநகரில்தான் இருந்தார். அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டைத் தாண்டி எங்கேயும் புழங்கவில்லை. ஊருக்கு அவர் கம்முனு. கம்முனு மெக்கானிக். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, "இது வந்துங்க..." என்று ஆரம்பித்தால் போதும், "கம்முனு இருங்க" என்பார். அந்த வார்த்தையை அவரிடம் வாங்காத ஆள் முதுநகரில் பாக்கி கிடையாது.

வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்வார். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை இன்ஜின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். அவ்வளவுதான், பக்கத்து டீக்கடையில் ரேடியோவை நிறுத்திவிடுவார்கள். டீ ஆற்றுகிறவர் ஆற்றாமல் அப்படியே நிற்பார். ஒரு தடவை மாப்பிள்ளை ஊர்வலம் ஒன்று அந்த வழியாக வந்தது. இவர் குறுக்கே போய்க் கையைத் தூக்கி, ஷெட்டைத் தாண்டும்வரை மேளக்காரர்களை வாசிக்காமல் நடக்க வைத்தார். மாப்பிள்ளை முகம் செத்துவிட்டது. ஜீப்போடு வந்த இன்ஸ்பெக்டருக்கும் அதே உத்தரவுதான். அவரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

இதற்கெல்லாம் அவர் ஒரு நியாயம் வைத்திருந்தார். "ஓனருங்க சொல்றது பூரா வதந்தி சார். இன்ஜினு சொல்றதுதான் சாட்சி" என்பார். இந்த மாதிரி ஆளிடம் என் தலையெழுத்து போய் மாட்டியது.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, நான் ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கியிருந்தேன். மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் அதுதான் முதல் கார் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. அது முதல் இருபது நிமிஷம் வெண்ணெய் மாதிரி போகும். பிறகு எங்கேயாவது வேகத்தைக் குறைத்தால் குளிர் ஜுரம் வந்த மாதிரி உதறும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இரண்டு விக்கல், அப்புறம் மௌனம். பத்து நிமிஷம் தேமே என்று விட்டால் தானாகவே கிளம்பும். நாலு மெக்கானிக் பார்த்தார்கள். ஒருவர் பிளக்கை மாற்றினார், ஒருவர் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், ஒருவர் காயிலை மாற்றினார். நாலாமவர் கண்திருஷ்டி என்றார்.

கம்முனுவிடம் மூன்று முறை கொண்டுபோனேன். அவர் ஷெட்டில் ஐந்து நிமிஷம் ஓடவிட்டுக் கேட்பார். அந்த ஐந்து நிமிஷமும் அது பரம சாதுவாக ஓடும். மூன்று முறையும் நான் வாயைத் திறந்தேன், மூன்று முறையும் மூட வைத்தார். மூன்று முறையும் வண்டி திரும்பிப் போகும்போது வழியில் நின்றது. மூன்றாவது முறை நான் நடந்தே போய்ச் சொன்னபோது அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. அவர் தொட்ட வண்டி எதுவும் அதுவரை அப்படித் திரும்பி வந்ததில்லையாம்.

அந்தச் சமயம் பார்த்து என் மகள் சுகன்யாவுக்கு சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் நர்சிங் சீட்டுக்கு கவுன்சிலிங் வந்தது. பதினொரு மணிக்கு வரிசைப்படி பெயர் கூப்பிடுவார்கள். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அடுத்த பெயர், அவ்வளவுதான், மறுபேச்சு கிடையாது. எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் காலேஜ் வாசலை மிதிக்கப்போகிற முதல் பெண் அவள். என் மனைவி வசந்தா, பஸ்ஸில் போய்த் தொலையுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டாள். நான் கேட்டால்தானே? மகளைக் காரில் கொண்டுபோய் இறக்க வேண்டும் என்று எனக்கு ஒரு கிறுக்கு. விஷயம் கேள்விப்பட்ட கம்முனு, "நானும் கூட வரேன். என்ன ஏமாத்திப்புட்டு எங்க போவுதுன்னு பாத்துடறேன்" என்று அன்றைக்கு ஷெட்டை மூடிவிட்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வசந்தா வழக்கம்போல நாலு சக்கரம், பானெட், ஸ்டியரிங், டேங்க் மூடி என்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்துத்தான் அனுப்பினாள்.

எட்டரைக்குக் கிளம்பினோம். சிப்காட்டைத் தாண்டியதும் உதறல் ஆரம்பித்தது. வேகத்தடையில் நின்றது. கம்முனு இறங்கி பானெட்டைத் திறந்து எங்கள் எல்லோரையும் வாய் மூடச் சொல்லிவிட்டுக் கேட்டார். நின்றுபோன இன்ஜினில் என்ன கேட்கும்? லாரிகள் போகும் சத்தம்தான் கேட்டது. அவர் லாரிகளைப் பார்த்தும் கையைக் காட்டினார். ஒரு கால் மணி கழித்து அது தானாகவே கிளம்பியது.

ஆலப்பாக்கத்தில் மறுபடியும் நின்றது. கிளம்பியதும், வேகம் குறைந்தாலும் அணையக் கூடாது என்று திருகாணியைத் திருகி ஐட்லிங்கை ஏற்றி வைத்தார், கார் போர்வெல் போடுகிற மாதிரி இரைந்தது. அப்படியும் புதுச்சத்திரம் தாண்டி, ஆடுகள் குறுக்கே வந்தன என்று பிரேக்கை மிதித்தேன், மூன்றாவது தடவை நின்றது. இந்தத் தடவை இருபது நிமிஷம் ஆகியும் எழுந்திருக்கவில்லை. மணி பத்து இருபத்தைந்து. சிதம்பரத்துக்கு இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. வந்த பஸ்ஸெல்லாம் படிக்கட்டில் ஆள் தொங்கிக்கொண்டு, நாங்கள் கைகாட்டக் காட்ட நிற்காமல் போனது. சுகன்யா போனில் அவள் அம்மாவிடம், "வண்டி நின்னுடுச்சும்மா, சீட்டு போயிடும்மா" என்று அழுதாள். எனக்கு அந்தக் காரைக் கொளுத்திவிடலாம் போல இருந்தது. அதற்குமுன் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

கம்முனு ஸ்குரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டு ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். நெற்றியில் கிரீஸும் வியர்வையும் கலந்து வழிந்தது. அழுதுகொண்டிருந்த பெண்ணை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அவர் ஆயுசில் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"ஏம்மா, உனக்கு எதாச்சும் தெரியுமா? சொல்லு."

"பெட்ரோல் போட்டா நல்லா ஓடும்ணே. கொஞ்சூண்டு போட்டாகூட ஓடும். அப்பறம் கொஞ்ச நேரத்துல மறுபடியும் நின்னுடும்" என்றாள் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

மூன்று முறையும் நான் சொல்ல வந்தது இதைத்தான். வண்டிக்குப் புதுப் பெட்ரோல்தான் பிடிக்கும்போல என்று நாங்களே முடிவு பண்ணி, அடிக்கடி பங்க்கில் கொண்டுபோய் நிறுத்திக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருந்தோம்.

கம்முனு எழுந்து பின்பக்கம் ஓடினார். டேங்க் மூடியில் காதை வைத்துக்கொண்டு மெதுவாகத் திருகினார். 'உஸ்ஸ்' என்று நீளமாக ஒரு மூச்சு உள்ளே போனது எனக்கே கேட்டது. மூடியைப் புரட்டிப் பார்த்தார். நடுவில் காற்று போக ஒரு ஊசித்துளை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அது வழியாகக் காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் இன்ஜினுக்கு இறங்கும். அந்தத் துளைமேல் வாராவாரம் வைத்த சந்தனம் ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ந்து சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. டேங்க் மூச்சுமுட்டிச் செத்துக்கொண்டிருந்திருக்கிறது. பங்க்கில் மூடியைத் திறக்கும்போது மட்டும் அதற்கு உயிர் வந்திருக்கிறது.

சுகன்யா சர்டிபிகேட்டில் குத்தியிருந்த குண்டூசியை உருவிக் கொடுத்தாள். துளையைக் குத்தி, வாயால் ஊதி, மூடியைத் திருப்பிப் போட்டார். ஒரே சாவியில் கிளம்பியது. அவரே ஸ்டியரிங்கைப் பிடித்தார். பி.முட்லூர் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. நான் கண்ணைத் திறக்கவே இல்லை.

கல்லூரிக்குள் நுழையும்போது பதினொன்று தாண்டி நாலைந்து நிமிஷம் ஆகிவிட்டது. மாடியில் இருக்கிற ஹாலுக்கு சுகன்யா பைலை அணைத்துக்கொண்டு ஓடினாள். அவளுக்கு முன்னால் கிரீஸ் சட்டையோடு கம்முனு ஓடினார். உள்ளே அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, பேனாவைத் தூக்கி அடுத்த பெயருக்குப் போகப் பார்த்தார்கள். "இருக்குது, சுகன்யா இருக்குது, கோடு போட்டுடாதீங்க" என்று அந்த மனிதர் போட்ட சத்தத்தில் ஹாலில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள், இங்கே சத்தம் போடக் கூடாது என்று அவரைக் கண்டித்தார். கண்டித்துக்கொண்டே பேனாவைக் கீழே வைத்தார். சீட்டு கிடைத்துவிட்டது.

திரும்பும்போது எனக்கு ஒரே குஷி. வீட்டுக்குப் போனதும் வசந்தாவை ஒரு வழி பண்ணிவிடுகிறேன், இனி ஆயுசுக்கும் என் கார் விஷயத்தில் அவள் வாய் திறக்க முடியாது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். கம்முனு சிரிக்கவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"சொல்லப்படாது சார். தான் வச்ச பொட்டாலதான் புள்ள சீட்டு போவ இருந்துச்சின்னு தெரிஞ்சா, அவுங்க அதையே நெனச்சி நெனச்சி சாவாங்க. நல்லா இருக்கணும்னு வச்சது சார் அது. நான் பாத்துக்கறேன், நீங்க ரெண்டு பேரும் பேசாதீங்க."

வாசலிலேயே காத்திருந்தாள் வசந்தா. சீட்டு கிடைத்ததைக் கேட்டு மகளைக் கட்டிக்கொண்டு அழுது முடித்தவள், அடுத்து எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டாள். வண்டி ஏன் நின்றது?

கம்முனு தலையைக் குனிந்துகொண்டார். "என் தப்புதாங்க்கா. டேங்க தொறந்து பாத்திருக்கணும், பாக்காம வுட்டுட்டேன். தூசி அடச்சிருந்துது."

தொழிலில் தன் தப்பு என்று அந்த வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. வசந்தா பிடித்துக்கொண்டாள். என் பெண் வாழ்க்கையே போயிருக்குமே, நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா என்று பொரிந்து தள்ளினாள். எல்லாவற்றையும் நின்று வாங்கிக்கொண்டார். பிறகு அவளைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், இனிமேல் பொட்டை மூடியில் வைக்க வேண்டாம், பக்கத்தில் பாடியில் வைத்தால் பளிச்சென்று தெரியும், வண்டிக்கும் ராசி என்று இடத்தைத் தொட்டுக் காட்டினார். அவளும் சரி என்றாள்.

சுகன்யா இப்போது வேலைக்குப் போய்விட்டாள், இனிச் சொன்னால் தப்பில்லை என்று அவரே சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். வசந்தா வீட்டுக்கு ஒரே பெண், கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து நான் அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுகிறேன்.