நாற்பத்தேழாவதை இறக்கிய எலுமிச்சம்பழம்

சூலியா தெருவில் கார் நிறுத்த இடமில்லை. இருக்குமா பின்னே? மரபணுச் சித்தர் அம்பிகைபாகன் வந்திருக்கிறாரே! மனிதனுக்கு இருக்க வேண்டிய குரோமோசோம் நாற்பத்தாறு. கூடுதலாக ஒன்று வந்துவிட்டால் எலுமிச்சம்பழத்தில் இறக்கிவிடுவாராம். உலகத்து விஞ்ஞானிகளெல்லாம் இத்தனை நாளாய் எலுமிச்சை வாங்காமல் இருந்துவிட்டார்கள், பாவம்!

தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து நேராக வந்த கோகிலன் வரிசையில் நின்றான். அவன் கைக்குழந்தை கஷ்விக்கு டவுன் சின்ட்ரோம். இருபத்தொன்றாம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. இதயத்திலும் ஓட்டை. புதன்கிழமை ஆபரேஷன்.

"கத்தி பட்டா குரோமோசோம் உள்ளயே பூட்டிக்கும். கேன்சல் பண்ணிரு தம்பி," என்று போன வாரமே சித்தர் சொல்லிவிட்டார். காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டார். தைப்பூசத்தில் ரோட்டில் உடைத்துக் கிடந்த தேங்காயை, கர்ப்பிணியாக இருந்த அவன் மனைவி ஷர்மினி தாண்டிவிட்டாளாம். தண்ணீர்மலைக் கோயில் வரைக்கும் ரோடெல்லாம் தேங்காய். தாண்டாமல் பறந்தா போவாள்? ஆனால் கோகிலன் நம்பினான். மனைவியைத் திட்டியும் தீர்த்தான், மடையன். அவள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போது ஷர்மினி கிராப் வாடகைக் காரில் வந்து இறங்கினாள். கையில் மஞ்சள் துணி மூட்டை. பிள்ளையின் முகத்தை மூடித்தான் கொண்டுவர வேண்டும், விலக்கினால் சக்தி போய்விடும் என்பது சித்தரின் சட்டம்.

"வந்தியே, அது போதும்," என்றான் கோகிலன் நிம்மதியாக.

அவர்கள் முறை வந்தது. சித்தர் மூட்டையைச் சுற்றிப் பழத்தைக் காட்டினார். கண்ணை உருட்டினார். கத்தியால் ஒரே வெட்டு! சாறு ரத்தமாய் ஒழுகியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"பாதி இறங்கிருச்சு! இன்னும் ரெண்டு தடவ வரணும்."

"பாதி குரோமோசோமா சாமி?" என்று கேட்டபடி ஷர்மினி துணியைப் பிரித்தாள்.

உள்ளே மைலோ பானத்தூள் டின்.

"ஐயோ, பிள்ள எங்க?" என்று அலறினான் கோகிலன்.

"பக்கத்து வீட்டு ராகினி அக்காகிட்ட தூங்குதுங்க. சாமி, மைலோவுக்கு எத்தன குரோமோசோம்?"

சித்தருக்கு வியர்த்தது. "தேங்காய் தோஷம்... அது டின்னுலயும் ஒட்டும்மா!"

"அப்படியா? இதால வெட்டுங்க." கைப்பையிலிருந்து தன் வீட்டுக் கத்தியை எடுத்து நீட்டினாள். சித்தர் வாங்கவில்லை. கோகிலன் வாங்கினான். சித்தரின் தட்டிலிருந்த இன்னொரு பழத்தை வெட்டினான். வெறும் சாறு. சித்தரின் கத்தியைப் பிடுங்கி அடுத்ததை வெட்டினான். சிவப்பு!

"செம்பருத்திப் பூவ கத்தியில தேச்சுக் காய வச்சா, புளிப்பு பட்டதும் செவக்கும். நேத்து நம்ம அடுப்படியிலயே செஞ்சு பாத்தேன்லா," என்றாள். அப்புறம் கோகிலன் பக்கம் திரும்பினாள். "கருமுட்டை உருவாகும்போதே ஒரு குரோமோசோம் ஜோடி பிரியாம வந்திருச்சுன்னு டாக்டர் சொன்னாரு. நான் கர்ப்பமாகுறதுக்கு முந்தியே நடந்தது. எந்தத் தேங்காயும் காரணமில்ல. யார் தப்பும் இல்ல. அவ உடம்புல எல்லா செல்லுலயும் அது இருக்கு, பழத்துல எப்படிங்க இறங்கும்?"

கோகிலனுக்கு வெட்கம் தாங்கவில்லை. "என்ன மன்னிச்சிரு. புதன்கிழமை ஆபரேஷனுக்கு நானே தூக்கிட்டுப் போறேன்," என்றான்.

சித்தர் பின்வாசலைத் தேடினார். அவரைப் பிடித்து நிறுத்தியது யார் தெரியுமா? வரிசையிலிருந்த ஒரு பெரியம்மா. "சாமி, போறதுக்கு முன்னால என் பேரனுக்கு மட்டும் வெட்டிட்டுப் போங்க!"

கஷ்விக்கு ஆபரேஷன் நன்றாக முடிந்தது. நாற்பத்தேழு குரோமோசோமையும் வைத்துக்கொண்டு பொக்கைவாய் தெரியச் சிரிக்கிறாள். அவள் இதயத்து ஓட்டையை அடைக்க டாக்டர்கள் இருந்தார்கள். கண்ணெதிரே கத்தியின் சாயம் வெளுத்த பிறகும் வரிசையில் நிற்கிறீர்களே, உங்களை எந்த ஆஸ்பத்திரியில் சேர்ப்பது?