ரேடியோ விழுங்கிய தாய்மாமன்

காஜா பேராங்,
மலாக்கா.
3.6.1959

பெருமதிப்பிற்குரிய மைத்துனர், சிரம்பான் லாரி முதலாளி திரு. சேதுராமன் அவர்களின் சமுகத்துக்கு, தங்கள் தங்கை பாக்கியலட்சுமியின் கணவனும் ரப்பர் கிடங்கில் கணக்கெழுதும் கிராணியுமான தெய்வநாயகம் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே நான், பாக்கியம், குழந்தை கோகிலா, ரேடியோ நால்வரும் சுகம். அங்கே தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் லாரியும் சுகந்தானா என்று அறிய மனம் துடிக்கிறது.

தங்கள் அஞ்சலட்டை வந்து சேர்ந்தது. மூடாத அட்டையில் எழுதியிருந்ததால் தபால்காரர் முதலில் படித்து, பக்கத்து வீட்டு அஞ்சலைக்குப் படித்துக் காட்டி, அஞ்சலை தன் வீட்டுக்காரரிடம் சொல்லி, கடைசியாகத்தான் அது என் கைக்கு வந்தது. “மாப்பிள்ள, நீங்க சொன்னீங்கன்னு லாரி ஆளுங்க, பக்கத்துக் கடக்காரங்க எல்லாரையும் கூப்பிட்டு நாற்காலி போட்டு ஒக்கார வச்சி ரேடியோவத் தொறந்தேன். பிள்ளைக்குப் பொறந்தநாள் வாழ்த்துல பத்துப் பேரு பேரு வந்துச்சி. பால்காரன் பேரு வந்துச்சி. தாய்மாமன் பேரு வரல. பதினாலாம் தேதி காதுகுத்துக்கு அந்தப் பால்காரன் மடியிலயே பிள்ளைய ஒக்கார வச்சிக்குங்க” என்று எழுதியிருந்தீர்கள். அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. கோயிலில் சொல்லியாகிவிட்டது, ஆசாரி தேதி கொடுத்துவிட்டார், செமாபோக்கிலிருந்து என் தகப்பனார் மூன்று நாளைக்கு ஒருமுறை சைக்கிளில் வந்து, “தாய்மாமன் மடி இல்லாம குத்துனா அதுக்குப் பேரு காதுகுத்து இல்லடா, வெறுங்குத்து” என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போகிறார். ஆகையால் நடந்தது என்ன என்பதைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தால் கோபம் என் மேல் வராது, மின்சாரத்தின் மேல்தான் வரும்.

ரேடியோவைப் பற்றி என் கருத்து தங்களுக்குத் தெரியும். கிராமபோன் வேலைக்காரன் மாதிரி, வைத்த தட்டைத்தான் பாடும், நடுவில் சாவியும் கொடுக்க வேண்டும். ரேடியோ அப்படியல்ல, பெரிய மனிதர். தமக்குத் தோன்றிய நேரத்தில் தோன்றியதைச் சொல்வார், நாம் காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் வாயால் நம் குழந்தையின் பெயர் வருவதென்றால் கோயில் கோபுரத்தில் பெயர் வெட்டுவது போல. வாழ்த்து கேட்டு அனுப்பும் அட்டைக்கு ரேடியோ நிலையத்தார் மூன்று விதிகள் வைத்திருக்கிறார்கள். இரண்டு வாரம் முன்பே வந்து சேர வேண்டும், கையெழுத்து தெளிவாக இருக்க வேண்டும், வாழ்த்துவோர் பத்துப் பேருக்கு மேல் போகக் கூடாது. பத்துப் பேர் என்று எந்த வெள்ளைக்காரன் முடிவு செய்தானோ தெரியவில்லை, அவனுக்கு அத்தை மாமன் யாரும் இல்லை என்பது மட்டும் நிச்சயம். சுதந்திரம் வந்து இரண்டு வருடமாகப் போகிறது, இந்தப் பத்தை இன்னும் யாரும் மாற்றவில்லை.

இரண்டு நாள் யோசித்துப் பட்டியல் போட்டேன். என் அக்காள் சாரதாம்பாளுக்கு முன்னால் என் தகப்பனார் பெயர் வர வேண்டும், இல்லாவிட்டால் தகப்பனார் வர மாட்டார். அஞ்சலை பெயரையும் விட முடியாது, ரேடியோவின் ஏரியல் கம்பி கட்டியிருக்கும் மரம் அவள் வீட்டு மரம். இத்தனைக்கும் நடுவில் முதல் வரியில், என் பெயருக்கும் மேலே, “தாய்மாமன் சேதுராமன், சிரம்பான்” என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். பொய்யாத பிள்ளையார் மேல் ஆணை. ஆனால் என் எழுத்து தங்களுக்குத் தெரிந்ததுதான். கிடங்கு மானேஜரே நான் எழுதியதை என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொல்வார். பாக்கியத்துக்கு முத்து முத்தான கையெழுத்து. அவள்தான் அட்டையில் நகல் எடுத்தாள், ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து எடுத்தாள். அதை நான் சரிபார்க்கவில்லை. முத்தைக் கிராணி சரிபார்ப்பதாவது. நேரே கொண்டுபோய்த் தபாலில் போட்டுவிட்டு, தங்களுக்கும் “முதல் பெயர் தங்கள் பெயர், தவறாமல் கேட்கவும்” என்று எழுதினேன். அந்தக் கடிதத்தை எழுதிய கையை இப்போது வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

போன மாதம் 24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்தது. வால்வுகள் சூடேற வேண்டும் என்று அரை மணி முன்னதாகவே ரேடியோவைப் போட்டு, பாக்கியம் பின்னிய மேல்துணியை எடுத்து மடித்து வைத்தேன். வீடு கொள்ளாத கூட்டம். ரேடியோவின் பச்சைக் கண் விளக்கு பிரகாசமாக இருந்தது. வாழ்த்து தொடங்கியது. குழந்தை பெயர் வந்தது, காஜா பேராங் வந்தது, என் பெயர் வந்தது, பாக்கியம் வந்தது. எனக்கு முன்னால் தாங்கள் வந்திருக்க வேண்டும், வரவில்லை. சரி, மரியாதைக்காகக் கடைசியில் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். தகப்பனார், அக்காள், அஞ்சலை எல்லாரும் வந்தார்கள். கடைசியில் ஒரு சின்ன இடைவெளி விட்டு, “மற்றும் பால்காரர் பொன்னுதுரை” என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டுவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பொன்னுதுரை பால் குவளையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். குவளையை இறக்கி வைத்துவிட்டு, “எம் பேரா? எம் பேரையா சொன்னாங்க?” என்று ஒவ்வொருவரையும் கேட்டார். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்தைந்து வயது மனிதர், இந்த ஊரில் சொந்தம் என்று சொல்ல மாடுகளைத் தவிர யாரும் கிடையாது, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறார். அந்தப் பெயர் என் பட்டியலில் இல்லவே இல்லை என்று நான் சொல்ல வாயெடுத்தேன், பாக்கியம் என் காலை மிதித்தாள். அன்றிலிருந்து ஓர் ஆழாக்குப் பால் கூடுதலாக ஊற்றுகிறார். அந்தப் பால் காப்பியாக என் தொண்டையில் இறங்கும்போதெல்லாம் தங்கள் முகம் தெரிகிறது.

இது எப்படி நடந்தது என்று விஞ்ஞான முறைப்படி ஆராய்ந்தேன். முதலில் என் சந்தேகம் அஞ்சலை வீட்டுக்காரரின் கைலி மேல் விழுந்தது. ஏரியல் கம்பியில் துணி காயப்போடாதே என்று நூறு முறை சொல்லியும் கேட்காத அந்த அம்மாள் அன்றைக்கும் ஒரு ஈரக் கைலியைப் போட்டிருந்தாள். தங்கள் பெயர் கம்பி வழியாக வரும்போது கைலி உறிஞ்சியிருக்க வேண்டும். போய்க் கேட்டேன். “ஒங்க மச்சான் பேரு எங்க வீட்டுக் கைலியில இருக்குதுன்னா எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே, தொவச்சுத்தான் வச்சிருக்கேன்” என்றாள். திரும்பி வந்துவிட்டேன். பிறகுதான் யோசித்தேன், மலாக்காவில் காயும் கைலி சிரம்பானில் தங்கள் ரேடியோவில் வந்த பெயரை எப்படி உறிஞ்சும்? ஆகவே கைலியை மன்னித்துவிட்டேன்.

அடுத்தபடி என் ரேடியோவின் உள்ளே கோளாறு என்று பின்பலகையைக் கழற்றிக் கை வைத்தேன். வைத்தது தெரியும், சுவரோரம் கிடந்தது தெரியும், நடுவில் நடந்தது தெரியாது. கை முழங்கை வரை இரண்டு நாள் விறுவிறுவென்று இருந்தது. மூன்றாம் நாள் ரேடியோவைக் குழந்தை மாதிரி போர்வையில் சுற்றி ரிக்‌ஷாவில் வைத்து, டவுனில் இருக்கும் சீன ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனேன். அவர் திறந்து பார்த்து, மூடி, நான் சொன்ன கதையை முழுவதும் கேட்டுவிட்டு, “ரேடியோ தா ரோசாக். ஓராங் ரோசாக்” என்றார். ரேடியோ கெடவில்லை, ஆள்தான் கெட்டுப்போயிருக்கிறான் என்று அர்த்தம். எந்த ஆள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் அறிவிப்பாளரைத்தான் சொல்லியிருப்பார் என்று வரும் வழியில் முடிவு செய்துகொண்டேன்.

உடனே கோலாலம்பூருக்கு நிலையத்தாருக்கே நாலு பக்கம் எழுதினேன். தாய்மாமன் என்றால் என்ன, காதுகுத்து என்றால் என்ன, பால்காரரைத் தாய்மாமன் இடத்தில் வைத்தால் ஒரு குடும்பம் என்ன ஆகும் என்று விளக்கி, அடுத்த ஞாயிறு தங்கள் பெயரை மட்டும் தனியாக ஒருமுறை படிக்கும்படி கேட்டேன். நேற்று பதில் வந்தது. “தங்கள் அட்டையில் கண்டபடியே படிக்கப்பட்டது” என்று ஒரே வரி. பெரிய இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் தவறை ஒப்புக்கொள்வார்களா? நானும் விடவில்லை. அந்த அட்டையைத் திருப்பி அனுப்புங்கள் பார்க்கலாம் என்று இன்று காலை மறுபடி எழுதிப் போட்டிருக்கிறேன். வந்ததும் பிரிக்காமல் தங்களுக்கே அனுப்புகிறேன். தங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டில் படம் தெரியும் ரேடியோ வந்துவிட்டதாம், நம் மலாயாவுக்கும் வரும் என்று கிடங்கில் பேசிக்கொள்கிறார்கள். வராது என்பது என் உறுதியான கருத்து. பெயரை மட்டும் சொல்லும் பெட்டியே ஒரு குடும்பத்தை இப்படிப் பிரிக்கிறதென்றால், முகத்தையும் காட்டினால் எந்த அரசாங்கம் பொறுக்கும்?

இந்த விஷயத்தில் என்னைவிட அதிகம் வேதனைப்படுகிறவள் பாக்கியம்தான். தங்கள் அட்டை வந்த நாளிலிருந்து அவள் சரியாகப் பேசுவதில்லை. நான் ரேடியோவைத் திட்டினால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள், வெங்காயம் நறுக்குகிறேன் என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள், போய்ப் பார்த்தால் பலகையில் கத்தரிக்காய் இருக்கிறது. அண்ணன் மேல் அவ்வளவு பாசம். அவளுக்காகவாவது தாங்கள் வர வேண்டும். துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயில் வாசலில் மைக் செட் வைக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். தாங்கள் லாரியை விட்டு இறங்கும்போது “தாய்மாமன் சேதுராமன் வருகிறார்” என்று பத்து முறை சொல்லச் சொல்லியிருக்கிறேன், பத்துப் பேர் என்ற விதி அங்கே கிடையாது, வேண்டுமானால் இருபது முறையும் சொல்வார்கள். நாற்காலி போட்டு உட்கார வைத்தீர்களே, அந்த லாரி ஆட்கள், கடைக்காரர்கள் எல்லாரையும் அழைத்து வாருங்கள், அவர்கள் காதிலும் விழட்டும். வராவிட்டால் என் பிள்ளை மூளிக் காதோடு நிற்பாள். அதை என்னால் பார்க்க முடியாது. இதை மட்டும் அலங்காரம் இல்லாமல் சொல்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, தங்கள் லாரி போகும் பாதையெல்லாம் மேடு பள்ளம் இல்லாமல் பிள்ளையார் காத்து நிற்பாராக.

என்றும் தங்கள் மாப்பிள்ளை,
தெய்வநாயகம்

பின்குறிப்பு: ஒருவேளை குற்றம் தம்பின் ஊருக்குப் பக்கத்து மலைகள் மேலும் இருக்கலாம். தாங்கள் வரும் வழியில் அவை எவ்வளவு உயரம் என்று கொஞ்சம் கவனித்து வரவும்.

அண்ணே, மீதி இடத்தில் பாக்கியம் எழுதுகிறேன். ஒட்டித் தபாலில் போடச் சொல்லிவிட்டு இவர் வேலைக்குப் போயிருக்கிறார். ஒட்டுவதற்கு முன்னால் படித்தேன்.

கைலியும் இல்லை, மலையும் இல்லை. இவர் எழுதிக் கொடுத்த தாளில் உங்கள் பெயர் முதல் வரியில் இருந்தது. நகல் எடுக்கும்போது நான்தான் எடுத்துவிட்டேன். கைதவறி இல்லை, தெரிந்துதான் செய்தேன். அட்டை திரும்பி வந்தால் என் கையெழுத்து உங்களுக்குத் தெரிந்துவிடும், அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் லாரி மாதம் இரண்டு முறை கிளேபாங்குக்குச் சரக்கு ஏற்ற வருகிறது. அங்கிருந்து என் வீட்டுக்கு எவ்வளவு தூரம்? கோகிலா பிறந்த மூன்று வருடத்தில் நீங்கள் இரண்டு முறைதான் என் வீட்டுப் படி ஏறியிருக்கிறீர்கள், இரண்டாவது முறை லாரி எஞ்சினைக்கூட நிறுத்தவில்லை. போன வருடம் அவளுக்குக் காய்ச்சல் வந்து பதினொரு நாள் கிடந்தாள். உங்களுக்கும் எழுதினேன், பதில் வரவில்லை. ரேடியோவில் பெயர் வரவில்லை என்றதும் மூன்றே நாளில் அட்டை வந்தது. எங்கள் விலாசம் உங்களுக்கு நினைவிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

உங்கள் பெயரை எடுத்ததும் பத்தில் ஒரு இடம் காலியானது. அந்தப் பதினொரு நாளும் காலையும் மாலையும் வாசலில் நின்று “பிள்ள கண்ணு முழிச்சிச்சாம்மா” என்று கேட்டவர் பெயரை எழுதினேன். ஆனால் நீங்கள் நாற்காலி போட்டு ஆட்களைக் கூட்டி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கவில்லை. அதற்கு மட்டும் என்னை மன்னித்துவிடுங்கள்.

இவருக்கு இது எதுவும் தெரியாது. மின்சாரத்தின் மேல் பழி போட்டுக்கொண்டு ஒருவிதமாக நிம்மதியாக இருக்கிறார், இருக்கட்டும்.

பதினாலாம் தேதி முகத்தைக் காட்டிவிட்டுப் போவதற்காக என்றால் வர வேண்டாம். இரண்டு நாள் தங்கிப் போவதாக இருந்தால் வாருங்கள். உங்களுக்குப் பாய் தட்டி வைத்திருக்கிறேன்.

தங்கை,
பாக்கியம்