வேலாயுதன் கோப்பின் இரண்டாம் பக்கம்

ஒரு பக்கம் படித்துவிட்டு முழுவதும் படித்ததுபோல் பேசும் வியாதி எனக்குச் சின்ன வயதிலேயே உண்டு. பள்ளிக்கூடத்தில் அதனால் பெரிய சேதமில்லை. சேதம் வந்தது, நான் வரலாற்றில் ஆராய்ச்சி மாணவியான பிறகு.

எங்கள் வீடு மார்த்தாண்டம் பக்கம். அப்பாவுக்கு இரும்புச் சாமான் கடை. ‘மகள் பழைய காகிதம் படிக்கிறாள்’ என்று வெளியில் சொல்ல அவருக்குக் கூச்சம். மாமா (அத்தையின் கணவர், பேச்சில் ஊசி ஏற்றுவதில் வல்லவர்) வரும்போதெல்லாம் கேட்பார்: “ஏட்டி, செத்தவனுவளப் பத்திப் படிச்சு யாருக்கு என்ன பிரயோஜனம்?”

இந்த வாயை அடைக்க எனக்கு ஒரு வழி தோன்றியது. அப்பாவின் தாத்தா பெயர் வேலாயுதன். ‘மலையில் வெள்ளைக்காரனுக்குக் கீழே வேலை பார்த்தவர்’ என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. எங்கள் மாவட்டம் அன்று திருவிதாங்கூரில் இருந்ததால், பழைய அரசாங்கக் காகிதங்கள் திருவனந்தபுரத்தில்தான். ஆய்வு வேலையாக அங்கே ஓர் ஆவணக்காப்பகத்துக்குப் போய்க்கொண்டிருந்த நான், வனத்துறைக் கட்டுகளின் அட்டவணையில் விரலை ஓட்டினேன். நாலாவது நாள் கிடைத்தது: ‘வேலாயுதன் – நடத்தை, இடமாற்றம் குறித்து.’

அங்கே பணிபுரிந்த சசிதரன் சார் கட்டைக் கொண்டுவந்து வைத்தார். தட்டியதும் எழுந்த தூசியில் எனக்கு ஒன்பது தும்மல். “மோளே, போட்டோ எடுக்கக்கூடாது. பென்சிலில் எழுதிக்கோ,” என்றார் மலையாளம் கலந்த தமிழில்.

ஆங்கிலத்தில், சாய்வான கையெழுத்தில், ஒரு வெள்ளைக்கார அதிகாரி எழுதியிருந்தார்: ‘இந்த மலைப் பிரிவில் வேலாயுதனுக்கு இணை யாருமில்லை. பலசாலி, பொறுமைசாலி. ஆற்றில் வெள்ளம் வந்தபோது என்னைப் பத்திரமாகக் கரைசேர்த்தவர். இவரை இடமாற்றம் செய்தால் என் வேலையே நின்றுவிடும்.’ (‘இவர்’ என்ற மரியாதை நான் சேர்த்தது. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே ‘ஹீ’ என்பதை அப்போது நான் சிந்திக்கவில்லை.)

பக்கம் முடிந்தது. அதைத் திருப்புவதற்கு ஒரு விநாடி ஆகியிருக்கும். நான் திருப்பவில்லை. முழுக் கோப்புக்கும் நகல் கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டு, வராந்தாவுக்கு ஓடி அப்பாவுக்கு போன் செய்தேன்.

“டிரான்ஸ்பர் பண்ணாதேன்னு வெள்ளைக்காரனே எழுதினானா?” அப்பா என்னைச் செல்லமாகக் கூப்பிடும் சொல்லுக்குத் தாவினார். “மக்களே, ஒள்ளதாட்டுதான் சொல்லுகியா?”

“உண்மைதான் அப்பா, எழுத்துல இருக்கு!”

அப்பா அப்போது புதுவீடு கட்டிக்கொண்டிருந்தார். மறுவாரமே வாசல் கருங்கல்லில் ‘வேலாயுதன் இல்லம்’ என்று வெட்டிவிட்டார்கள். ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால்கூடப் பிழைத்திருப்போம்.

புதுவீட்டில் குடிபுகும் பால்காய்ப்புக்கு சசிதரன் சாரையும் அழைத்திருந்தேன். ஒரு கையில் கோப்பின் நகல், மறு கையில் பரிசுப் பொட்டலத்தோடு அவர் வந்தார். நகலைப் பார்த்த அப்பா உடனே பந்தலில் பாட்டை நிறுத்தி, மைக்கை என் கையில் திணித்தார். “எல்லாருக்கும் தமிழில வாசி மக்களே.”

முதல் பக்கத்துக்குக் கைதட்டல். மாமாகூடத் தட்டினார். என் வாழ்நாளின் சிகரம் அது. அந்தச் சிகரத்தில் நின்றபடி இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன்.

“வேலாயுதன் அவர்கள் தினமும் ஆற்றில் குளித்தார். இரண்டு பணியாளர்கள் அவரைத் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள்.”

“பெரிய ஆபீசராக்கும்!” என்றார் அப்பா.

“குளித்ததும் சோற்று உருண்டைகள்... அப்புறம்...” தென்னை ஓலை என்று வந்தது. வாய் தானாகவே, “இளநீர்” என்றது. அடுத்த வரியில் கால் சங்கிலி. காது இரண்டும் சூடாகின. நிறுத்த நினைத்தேன், வாய் கேட்கவில்லை. “ஆண்டுக்கு ஒருமுறை அவருக்கு மதம்...”

“மதம் மாறினாராட்டி?” என்று அத்தை அலறினார். “வருசா வருசமா?”

பந்தல் சலசலத்தது. பொறுக்க முடியாமல் சசிதரன் சார் எழுந்தார். “மோளே, அது ஆன ஆணு.”

அது யானைதான் என்று மலையாளத்தில் சொன்னார் அவர். பதற்றத்தில் அப்பாவுக்குக் கடைசிச் சொல் மட்டுமே காதில் விழுந்தது.

“ஆணுதாம் சாரே! பின்ன பெண்ணா? எனக்க தாத்தாவாக்கும்!”

சசிதரன் சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் அவர் வலது கையை மூக்கருகே கொண்டுபோய், மெல்லத் தொங்கவிட்டு, இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார்.

முதலில் மாமா சிரிக்கத் தொடங்கினார். நாற்காலி உடைந்தது. தரையில் உட்கார்ந்தும் சிரித்தார். சமையல்காரர் கரண்டியோடு ஓடிவந்து, என்ன விஷயம் என்று கேட்டு, அவரும் சிரித்தார். அப்பாவின் முகம் மட்டும் கல்லாக இருந்தது. எனக்கு அழுகை முட்டியது.

“முழுக் கோப்பும் கேட்டதால, மோளுக்கு ஆனை வலிய இஷ்டம்னு நினைச்சேன்,” என்று சசிதரன் சார் பரிதாபமாகப் பொட்டலத்தை நீட்டினார். பிரித்தால், தேக்கு மரத்தில் செய்த குட்டி யானை. அதைப் பார்த்ததும் அப்பாவின் உதடு துடித்தது. தோள் குலுங்கியது. அப்புறம் மாமாவைவிடச் சத்தமாக அவர்தான் சிரித்தார்.

இன்று ஊரில் எங்கள் வீட்டுக்கு ‘ஆனைவீடு’ என்று பெயர். பார்சல்காரருக்கு வேறு வழி சொன்னால் புரியாது. நான் முனைவர் பட்டம் வாங்கிய அன்று மாமா ஒரு முழு மட்டி வாழைப்பழக் குலையைச் சுமந்துவந்து என் முன்னால் வைத்து, “தும்பிக்கைய நீட்டுட்டி,” என்றார். நான் நீட்டினேன். வேறென்ன செய்வது?

கல்லை மாற்றச் சொல்லி அப்பாவிடம் பலமுறை கேட்டாகிவிட்டது. மாட்டேன் என்கிறார். புதிதாக வருகிறவர்கள் பெயரைப் படித்துவிட்டு, “வேலாயுதன் யாரு?” என்று கேட்டால், கொஞ்சமும் சிரிக்காமல் சொல்கிறார்:

“ஃபாரஸ்ட் டிப்பார்ட்மென்டில இருந்தாரு. பெரிய ஆளு.”