மோட்டார் போட்டால் இறங்கும் சுருதி

புதுச்சேரியில் குழாய்த் தண்ணீருக்கும் சிம்பொனிக்கும் தீராத பகையை மூட்டிய பெருமை ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் சாரம் பகுதியில் எங்கள் வீட்டுக்கார அம்மாள். தெருவுக்கே அவர் ‘மதாம்’. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த கணவரோடு பல வருஷம் பிரான்சில் வாழ்ந்து, அவர் காலமான பிறகு ஊர் திரும்பியவர். மாடியில் அவர், கீழே வாடகைக்கு நாங்கள். ஊரே சிடிக்கு மாறிவிட்ட இரண்டாயிரங்களில் அவரிடம் மட்டும் ஒரு கிழட்டு ரெக்கார்டு பிளேயர் இருந்தது.

சாயங்காலம் ஆனால் அதில் ஒரு சிம்பொனியைப் போடுவார். தினமும் அதே சிம்பொனி. குழாயில் தண்ணீர் வருவதும் அதே நேரத்தில்தான். எங்கள் கீழ்த்தொட்டி கையகலம். உடனே மோட்டார் போட்டு மாடிக்கு ஏற்றாவிட்டால் வழிந்து சாக்கடைக்குப் போய்விடும். ஆனால் மோட்டார் போட்டால் வோல்டேஜ் இறங்கும், ரெக்கார்டு மெதுவாகச் சுற்றும், சுருதி இறங்கிவிடும்.

“தம்பி, இது ரே மினேர். நீ மோட்டார் போட்டா அரை சுரம் எறங்கி தோ தியேஸ் ஆயிடுது. மனசே மாறிப்போவுது.”

சுரங்களுக்கெல்லாம் அவர் வாயில் பிரெஞ்சுப் பெயர்தான். யாருடைய மனசு என்று நான் கேட்கவில்லை. மினேர் என்றால் சோகம்தான், ஆனால் அழுகிற சோகம் இல்லை, நிமிர்ந்து நிற்கிற சோகம், வேகம் துளி குறைந்தாலும் ஒப்பாரி ஆகிவிடும் என்று படிக்கட்டில் நிறுத்திவைத்து விளக்குவார். நான் காலிக் குடத்தோடு கேட்டுக்கொண்டிருப்பேன். மீட்டர் பார்க்க வந்தவரிடம்கூட, கரண்ட் அரை சுரம் கம்மியாக வருகிறது என்று புகார் சொன்னார். அந்த மனிதர் மீட்டரை இரண்டு தரம் குனிந்து பார்த்துவிட்டு, அப்படி எதுவும் இதில் காட்டவில்லையே என்று போய்விட்டார்.

இந்த லட்சணத்தில் என் தங்கையைப் பெண் பார்க்கக் கடலூரிலிருந்து வந்தார்கள். ஏற்கெனவே வந்த வரன்கள் தட்டிப்போயிருந்தன. இன்று ஒரு நாள் மட்டும் ரெக்கார்டு வேண்டாம் என்று மதாமிடம் கெஞ்சினேன்.

“சத்தத்தக் கொறைக்கிறேன் தம்பி. வேகத்தக் கொறைக்க மாட்டேன்” என்றார்.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். உள்ளே காபிக்குக்கூடத் தண்ணீர் இல்லை. என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு மோட்டாரைப் போட்டாள். மாடியில் அத்தனை வயலின்களும் நோய்கண்ட எருமை மாதிரி முனகிக்கொண்டு இறங்கின.

பையனின் அம்மா முகம் மாறிவிட்டது. என் பக்கம் சாய்ந்து, “மேல யாராச்சும் தவறிட்டாங்களா?” என்று மெதுவாகக் கேட்டார். அவர் கணவர் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் மதாம் இறங்கி வந்தார். யாரையும் பார்க்காமல் நேரே போய் மோட்டாரை நிறுத்தினார். பிறகு கூடத்தின் நடுவில் நின்று, இங்கே சாவு எதுவும் இல்லை, எல்லாம் வோல்டேஜ் செய்கிற வேலை என்று வந்தவர்களுக்கு வகுப்பெடுக்கத் தொடங்கினார். எனக்கு அப்படியே வாசல் வழியாகக் கருவடிக்குப்பம் சுடுகாடுவரை ஓடிவிடலாம் போலிருந்தது.

அதுவரை பேசாமல் இருந்த பையன் தலையைத் தூக்கினான்.

“ஆமா, இப்ப சுருதி ஏறிடுச்சு. கொஞ்சம் நிமிந்தாப்ல இருக்கு.”

மதாம் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். “தம்பி, பொண்ணக் குடுத்துடு” என்றார் என்னிடம்.

உள்ளே என் தங்கை வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். முந்தைய வரன்கள் முன்னால் தலை குனிந்தே நின்றவள் அவள். அந்தச் சிரிப்புப் பையனுக்குப் பிடித்துப்போயிற்று. காபியே கொடுக்காமல் முடிந்த சம்பந்தம் எங்களுடையதுதான்.

கல்யாணத்தன்று முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால் பார்த்தால், மதாம் நாதஸ்வரக்காரர் பக்கத்தில் நிற்கிறார். கெட்டிமேளத்தை மெதுவாக வாசிக்க வேண்டுமாம். கெட்டிமேளத்தை! எனக்கு வந்த கோபத்தில் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போய், இதையாவது விட்டுவைக்கக் கூடாதா என்று கேட்டேன்.

அவர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

“எனக்கு பிரான்சுல, நகராட்சி ஆபீஸ்ல கல்யாணம், தம்பி. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம், முடிஞ்சிபோச்சி. மேளம் கெடையாது. இதுவும் சட்டுனு முடிஞ்சிடக் கூடாதுன்னு பாத்தேன்.”

நான் நாதஸ்வரக்காரரிடம் போய், அம்மா சொன்னபடியே வாசிக்கச் சொன்னேன். தாலி ஏறி, அட்சதை விழுந்து, எல்லாரும் பந்திக்கு எழுந்த பிறகும் மேளம் நின்றபாடில்லை. ஐயர் என்னை முறைத்தார். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. முதல் வரிசையில் மதாம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.