தேன் நிற லென்ஸ்

"பந்து எங்கய்யா விழுந்துச்சு?" என்று முதலாளி கேட்கும்போதெல்லாம், "தெரியலைங்க சார்" என்று சொல்லிச் சொல்லித் துணை மேலாளருக்கு வாயே அலுத்துவிட்டது.

அவருடையது சோடாபுட்டிக் கண்ணாடி. கோல்ஃப் மைதானத்தில் கொஞ்சம் தள்ளிப் போனால் பந்தும் ஒன்றுதான், பறவை எச்சமும் ஒன்றுதான். அப்படியும் அலுவலகத்தில் அத்தனை பேர் இருக்க, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு முதலாளி கூப்பிட்டது இவரைத்தான். கூட ஆடுகிறவர்தான் அடுத்த மேலாளர் என்பது அங்கே எழுதாத சட்டம். அந்த நாற்காலிக்காக வருஷக்கணக்கில் நாயாய் உழைத்தவர், பாழாய்ப்போன கண்ணால் காரியம் கெட்டுவிடுமோ என்று பயந்தார்.

மச்சினன் கண்ணாடிக் கடை வைத்திருந்தான். அலுவலகத்தில் பாதிப் பேர் அவனிடம்தான் கண்ணாடி வாங்குவார்கள்.

"தேன் நிற லென்ஸைக் கண்ணுக்குள்ள போட்டுப் பாருங்க மாமா. புல்லு மங்கிடும், பந்து பளிச்சுனு தெரியும்" என்றான்.

போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவரிடம், பட்டப்பகலிலேயே குடிக்க ஆரம்பித்தாயிற்றா என்று மனைவி கேட்டாள். அலுவலகத்தில் மஞ்சள் காமாலை என்று தள்ளி நின்று பேசினார்கள். அவர் எதையும் சட்டை செய்யவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை உலகமே தெளிந்துவிட்டது. முதலாளி கேட்பதற்குள் "குளத்துலங்க சார்" என்று கைகாட்டினார். குறைவாக அடித்தவருக்கே வெற்றி என்ற அந்த ஆட்டத்தில், ஐந்தே அடியில் பந்தைக் குழியில் போட்டதாக முதலாளி கணக்குச் சொன்னபோது, மரத்துக்குப் பின்னால் அடித்த இரண்டையும் சேர்த்தால் ஏழு என்று பணிவோடு எடுத்துக் கொடுத்தார். திரும்பும்போது முதலாளி இவரைக் காரில் ஏற்றிக்கொள்ளவில்லை.

நம் உதவி போதவில்லை போலிருக்கிறது என்று மச்சினனிடம் இன்னும் அடர்த்தியான லென்ஸாக வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் வங்கி அதிகாரிகள் விருந்தாளிகளாக வந்திருந்தார்கள். தொலைந்த பந்தைத் தேடிப் புதருக்குள் போன முதலாளியின் கால்சட்டைப் பையிலிருந்து வேறொரு பந்து மெல்ல நழுவிப் புல்லில் விழுவதை, இவர் அவ்வளவு தூரத்திலிருந்தும் பார்த்துவிட்டார். ஓடிப்போய் எடுத்து, துடைத்து, எல்லார் முன்னாலும் நீட்டினார்.

"சார், உங்க பாக்கெட்லருந்து விழுந்துடுச்சு."

வங்கிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

மறுநாள் மேலாளர் பதவி கேஷியருக்குப் போயிற்று. படிக்கட்டைக் காலால் தடவித் தடவி இறங்குகிற மனிதர் அவர். கோல்ஃப் மட்டையைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. துணை மேலாளருக்கு வயிறு எரிந்தது. உழைத்ததெல்லாம் மண்ணாய்ப் போய்விட்டதே என்று பொருமிக்கொண்டே மச்சினன் கடைக்குப் போய், லென்ஸைக் கழற்றி மேசையில் போட்டார்.

"எதிர்ல நிக்கிற ஆளே தெரியாதவருக்கு வேலையைத் தூக்கிக் குடுத்துட்டாங்கடா. உன் லென்ஸைப் போட்டு நான் என்னத்தைக் கண்டேன்?"

மச்சினன் தலையைச் சொறிந்தான்.

"நேத்து சாயங்காலம் உங்க முதலாளி இங்க வந்திருந்தார் மாமா. ஆபீஸ்ல யாருக்குக் கண்ணு ரொம்ப மோசம்னு கேட்டார், கேஷியரைச் சொன்னேன். போன வருஷமும் வந்து இதையேதான் கேட்டார். அப்ப நான் உங்களைச் சொல்லியிருந்தேன்."